கூனாமல் நின்ற அக்காவுக்கு

அன்புள்ள தர்ஜினி சிவலிங்கம் அக்கா,

கிளிநொச்சியில் பின்னேரங்களில் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு வலைப்பந்து பழக்குகிறேன். எங்கள் மைதானம் கிறவல். விழுந்தெழும்பினால் முழங்காலில் தோல் மிஞ்சாது. ஒரு கம்பத்து வளையம் சின்னப்பிள்ளைச் சைக்கிள் றிம்மில் செய்தது. அளவு கொஞ்சம் சின்னன். இதற்குள் போடப் பழகினவள் வெளியூரில் தவறவிடமாட்டாள் என்று நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொள்வேன்.

இலங்கை மகளிர் வலைப்பந்து அணி ஆசியக் கிண்ணம் வென்ற வருடங்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுண்டு: 1989, 1997, 2001, 2009, 2018, 2022. வன்னியில் நின்றுகொண்டு இந்தப் பட்டியலைச் சொல்வது லேசில்லை. 1997 என்றால் இங்கே ஜயசிக்குறு இராணுவ நடவடிக்கை. போர் முடிந்த 2009ஐப் பற்றிச் சொல்லவே தேவையில்லை. மலேசியாவில் நீங்கள் கோல் போட்டுக்கொண்டிருந்த அந்த வருடம் எனக்கு 14 வயது. செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் தண்ணிக் கானோடு வரிசையில் நின்றேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளையொருத்தி நாட்டுக்காக விளையாடுகிறாள் என்று அப்போது யாராவது சொல்லியிருந்தால், எந்த நாட்டுக்கு என்றுதான் கேட்டிருப்பேன்.

உங்களை நான் கண்டது 2018 செப்டெம்பரில், சிங்கப்பூர் இறுதியாட்டத்தில். சிக்னல் விட்டுவிட்டு வந்ததால் போனில் துண்டு துண்டாகத்தான் பார்த்தேன். எதிரே சிங்கப்பூர், அவர்களுடைய சொந்த மண். 69க்கு 50 என்று வென்றீர்கள். அணியில் உங்களோடு இன்னொரு தமிழ்ப்பிள்ளை எழிலேந்தினி சேதுகாவலரும் இருந்தார். அதன்பிறகு ஒற்றுமை, நல்லிணக்கம் என்று நிறையப் பேச்சு. அதற்காக நன்றி சொல்ல நான் வரவில்லை, அக்கா. ஒரு கிண்ணம் வந்ததென்று இராணுவம் பிடித்த காணி கேப்பாப்புலவுக்காரருக்குத் திரும்பி வந்துவிடாது.

ஆனால் பழக்குகிறவள் என்பதால் ஒன்றைக் கவனித்தேன். கோல் சூட்டருக்குக் களத்தில் மூன்றிலொரு பங்குதான். அதைத் தாண்டி வெளியே கால் வைக்கக்கூடாது. பந்தைத் தட்டிக்கொண்டு ஓடவும் ஏலாது. கைக்கு வந்தால் மூன்று செக்கன். வளையத்தடியில் கையை உயர்த்தி நிற்பதுதான் உங்கள் வேலை, பந்தை மற்றவர்கள்தான் கொண்டுவந்து தரவேண்டும். வளையம் 3.05 மீற்றரில். நீங்கள் 2.08. சிங்களப் பிள்ளைகள் தூரத்திலிருந்தே, எதிராளியின் விரல் எட்டாத உயரத்துக்கு, நேரே உங்கள் கைக்கு எறிந்தார்கள். அந்த எறி ஒருநாளில் வராது. எத்தனை பின்னேரங்கள் பழகியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். பேச்சுக்காரருக்குத் தெரியாது.

2018இல் உங்களுக்கு 39 வயது. அதே வருடத் தொடக்கத்தில் பின்லாந்துக்காரி ரீக்கா சல்லினன் 44 வயதில் ஐஸ் ஹொக்கியில் ஒலிம்பிக் வெண்கலம் எடுத்தார். அவருடைய முதல் வெண்கலம் 1998இல், நகானோவில். விளையாட்டை விட்டுப்போய் வருடக்கணக்கில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தவர். எங்களுக்கு ஐஸ் என்றால் ஐஸ்பழமும் மீன்பெட்டியும்தான். அந்த ஆட்டம் எனக்கு ஒரு மண்ணும் விளங்காது. ஆனாலும் உங்கள் இருவரின் படத்தையும் போனில் வைத்திருக்கிறேன். கலியாணம் பேசினவுடனேயே விளையாட்டை விடுகிற பிள்ளைகளுக்குக் காட்டுவதற்கு.

இனி, இந்த மடலை எழுத வைத்தவளைப் பற்றி. தரம் 10 படிக்கிறாள். வகுப்பில் எல்லாரிலும் ஒரு தலை உயரம். பெடியள் வைத்த பெயர் கொக்கு. வீட்டில் அம்மம்மாவுக்கு வேறு கவலை: "இவளுக்கு எங்க போய் மாப்பிள்ளை பாக்கிறது?" இதையெல்லாம் கேட்டுக் கேட்டுத் தோளைக் குறுக்கி, கழுத்தை உள்ளுக்கிழுத்துத்தான் நடப்பாள். காலைக் கூட்டத்தில் கடைசி வரிசை. பயிற்சிக்கு வா என்று மூன்று மாதம் கெஞ்சினேன்.

ஒருநாள் 2019 லிவர்பூல் உலகக் கிண்ண ஆட்டத்தைப் போட்டுக் காட்டினேன், சிங்கப்பூரை 88க்கு 50 என்று வென்றது. நீங்கள் போட்ட கோல்களை அவள் எண்ணவில்லை. ஆட்டம் நின்று, இடைவேளைக்கு எல்லாரும் கரைக்கு நடந்து போகிற இடத்தில் போனை நிறுத்தச் சொன்னாள்.

"ரீச்சர், இவ கூனேல்ல."

அடுத்த கிழமை வந்தாள். இப்போது கோல் சூட்டருக்குரிய ஜீ.எஸ். சட்டை அவளுடையது. அவளுக்குப் பந்து எறிவதற்கு மற்றப் பிள்ளைகள் உயரமாக எறியப் பழகவேண்டியிருக்கிறது. அதில் தினமும் சண்டை. நேற்று சைக்கிள் றிம்முக்குள் தொடர்ந்து பதினொன்று போட்டாள். பன்னிரண்டாவது தவறியதற்குக் கம்பத்தை உதைத்தாள்.

இதற்குத்தான் நன்றி, அக்கா.

ஒரு சின்ன உதவியும் வேண்டும். அவளுடைய கால் அளவுக்குப் பெண்பிள்ளைச் சப்பாத்து கிளிநொச்சிக் கடைகளில் இல்லை, வவுனியாவிலும் தேடிப் பார்த்துவிட்டேன். ஆண்பிள்ளைச் சப்பாத்து குதிக்காலில் கழலுகிறது. அவளுடைய வயதில் நீங்கள் என்ன போட்டு விளையாடினீர்கள்?

அன்புடன்,
பழக்குகிற ஒருத்தி