மேல்தளத்தில் மூச்சுப் பயிற்சி

காலை ஆறே முக்கால். சென்னையில் கிளம்பிய சுற்றுலாக் கப்பல் திருகோணமலையை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறது. மேல்தளத்தில் நீச்சல் குளத்தை ஒட்டி ரப்பர் பாய்களை விரிக்கிறார்கள். யோகா வகுப்பு. நேற்றிரவு பஃபேயில் தட்டை மூன்று தடவை நிரப்பியவர்கள்தான் முதல் வரிசையில் இருக்கிறார்கள். குற்ற உணர்ச்சிக்கு விடியலில் எழுப்பும் சக்தி உண்டு.

கடைசி வரிசையில் ஒரு பாட்டி. அறுபதைத் தாண்டியிருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை. காலில் புதுக் கேன்வாஸ் ஷூ. அதை அடிக்கடி குனிந்து பார்த்துக்கொள்கிறார். பக்கத்துப் பாயில் பேத்தி, பத்து வயதிருக்கலாம். பயிற்சியாளர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் சொல்வதை அவள்தான் தமிழாக்குகிறாள். "வலது கை, அப்பத்தா." இடது கை உயர்கிறது.

ஊர் பாம்பன் பக்கம் சின்னப்பாலம். டிக்கெட் எடுத்துக் கொடுத்தது துபாயில் இருக்கும் மகன். நான் எதையும் கேட்கவில்லை. மருமகள் பக்கத்து நாற்காலிக்காரியிடம் சொல்லச் சொல்லக் காதில் விழுந்துகொண்டே இருக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், பாம்பன் தீவிலிருந்து இலங்கை கூப்பிடு தூரம். 1914இல் பாம்பன் பாலம் வந்ததும் ரயிலில் தனுஷ்கோடி போய், அங்கிருந்து கப்பலில் சுமார் 35 கிலோமீட்டர் கடந்தால் தலைமன்னார். 1964 புயல் தனுஷ்கோடியை அழித்த பிறகும், எண்பதுகளின் தொடக்கம் வரை ராமேஸ்வரத்திலிருந்து கப்பல் ஓடியது. இப்போது அந்த ஊர்க்காரர் இந்த மாதிரிச் சுற்றுலாக் கப்பலில் இலங்கை போக ஓர் இரவு ரயிலேறிச் சென்னைக்கு வர வேண்டும். ராமர் பாலத்து மணல் திட்டுகளை இவ்வளவு பெரிய கப்பல் தாண்டாது. பாம்பன் கால்வாயிலும் ஆழம் போதாது. 2023 ஜூனில் சென்னை–இலங்கை சொகுசுக் கப்பல் தொடங்கியபோதும் பாதை கிழக்கே சுற்றித்தான்.

"இப்ப மூச்ச நல்லா உள்ள இழுத்து அடக்கணுமாம்."

பயிற்சியாளர் விரல்களை மடக்கி எண்ணுகிறார். பத்துக்குள் முதல் வரிசை புஸ்ஸென்று விடுகிறது. இருபதில் பாதிப்பேர் இருமுகிறார்கள். பயிற்சியாளரும் விட்டுவிட்டு, "சபாஷ்" என்று அடுத்த பயிற்சிக்குப் போகிறார். கடைசி வரிசையில் கண்கள் மூடியே இருக்கின்றன. தோள் அசையவில்லை. பேத்திக்கே பயம் வந்து முழங்கையைத் தட்டுகிறாள்.

"அப்பத்தா, போதுமாம்."

"அதுக்குள்ளயா?"

சின்னப்பாலத்துப் பெண்கள் பாசி எடுக்கப் போகிறவர்கள். படகில் தீவோரம் போய், கண்ணாடி மாட்டி, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு முங்குவார்கள். பாறையிலிருந்து மரிக்கொழுந்துப் பாசியைப் பிய்த்துப் பைக்குள் போட்டு, எழுந்து, மறுபடி முங்கல். மணிக்கணக்காக இதே வேலை. நேற்று முதல் வரிசைக்காரர்கள் விரும்பி உண்ட ஜெல்லி மாதிரியான பண்டங்களில் சேரும் அகர், இந்தப் பாசியிலிருந்து எடுப்பதுதான். 1986இல் மன்னார் வளைகுடாத் தீவுகள் தேசியப் பூங்காவானதிலிருந்து வனத்துறைக்குப் பயந்துகொண்டும் முங்க வேண்டியிருக்கிறது. பாசி வளர இடம் கொடுக்க, மாதத்தில் இத்தனை நாள்தான் இறங்குவது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டதும் உண்டு. அவர்களில் ஒருவரான லட்சுமிக்கு 2015இல் அமெரிக்காவின் சீகாலஜி விருது கிடைத்தது. இந்தக் கடைசி வரிசைக்கு விருது எதுவும் வந்த மாதிரித் தெரியவில்லை. வலது கை ஆட்காட்டி விரல் நகம் மட்டும் பாதியோடு நிற்கிறது.

பயிற்சியாளர் பின்னால் வந்து, யாரிடம் கற்றார் என்று பேத்தி மூலம் கேட்கிறார்.

"வாத்தியாரா? எங்காத்தா கழுத்தளவுத் தண்ணியில கொண்டுபோய்க் கைய விட்டுச்சு. அம்புட்டுத்தான்."

பேத்தி இதை எப்படிச் சொன்னாளோ, அவர் கைகூப்புகிறார். பாட்டி சட்டைக் காலரைச் சரிசெய்கிறார்.

அடுத்தது ஸும்பா. ஒலிபெருக்கி அலறுகிறது, முதல் வரிசைக்கு இப்போதுதான் உயிர் வந்திருக்கிறது. பாட்டியும் விடவில்லை. எல்லோரும் முன்னால் வரும்போது இவர் பின்னால் போகிறார், திரும்பச் சொன்னால் பேத்தி மேல் மோதுகிறார். மூன்றாவது பாட்டில் மூச்சு இரைக்கிறது.

"ஆத்தாடி, எனக்கு ஆகாது தாயி."

நாற்காலியில் விழுந்து, ஷூவைக் கழற்றிக் காலால் தள்ளிவிட்டு, அந்தப் பக்கம் போன பணியாளரைக் கைதட்டிக் கூப்பிடுகிறார்.

"தம்பி, ஒரு டீ. சீனி தூக்கலா."