கோழி வாங்கப் போகிறவருக்கு

வீட்டில் நாலு நல்ல கோழி வளர்க்க வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளைகள் இப்போது பெருகிவிட்டார்கள். சந்தோஷம்தான். கிளிமூக்கு விசிறிவால், சிறுவிடை, பெருவிடை என்று கைப்பேசியில் தேடிப் பிடித்து, திண்டுக்கல் பக்கமும் சேலம் பக்கமும் பத்துப் பதினைந்து கோழி வைத்திருப்பவரின் வாசலுக்கே வண்டியில் போய் இறங்குகிறார்கள். இறங்கியதும் முதல் கேள்வி: "கடைசியா எவ்வளவுக்குக் கொடுப்பீங்க?" இன்னும் கோழியையே பார்த்திருக்க மாட்டார்கள். எழுபதைத் தாண்டிய எனக்கு அதைக் கேட்டாலே கூசுகிறது.

கறிக்கடைக் கணக்கு அந்த வாசலில் செல்லாது. பிராய்லர் சுமார் 40 நாளில் கடைக்கு வந்துவிடும். இங்கே ஒரு பெட்டை ஓர் ஈட்டுக்குப் பன்னிரண்டு முட்டை இட்டது என்று வையுங்கள். அடை 21 நாள். அதில் ஒன்றிரண்டு கூமுட்டையாகப் போகும். பொரித்த குஞ்சில் பருந்துக்குக் கொஞ்சம், கீரிக்குக் கொஞ்சம். சேவலா பெட்டையா என்று தெளிவாகத் தெரியவே இரண்டு மாதம் ஆகிவிடும். அலகு கிளி மாதிரி வளையுமா, வால் விசிறி மாதிரி விரியுமா என்பது அதற்கும் பிறகு. பெருவிடைச் சேவல் உடம்பு கட்டி நிற்க ஒரு வருடத்துக்கு மேல் பிடிக்கும். அத்தனை நாளும் கம்பும் சோளமும் இறைத்தவர், ஓர் ஈட்டில் மனசுக்குப் பிடித்த ஒன்று தேறினால் அதிர்ஷ்டம் என்பார். அந்த ஒன்றுக்குத்தான் நாம் விலை கேட்கிறோம். கட்டுப்படியாகாவிட்டால் "எனக்கு இவ்வளவுதாங்க முடியும்" என்று சொல்லிவிட்டு வரலாம். "கோழிக்குப் போய் இவ்வளவா?" என்று கேட்கக் கூடாது.

போவதற்கு முன் போன் செய்யுங்கள். "சாயங்காலம் அடைஞ்சதும் வாங்க" என்று அவர் சொன்னால் காரணம் இருக்கிறது. இருட்டியபின் கோழி கூட்டுக்குள் அமைதியாக உட்கார்ந்திருக்கும். கையை நீட்டி எடுத்துவிடலாம். பட்டப்பகலில் போய் நின்று துரத்திப் பிடிக்கச் சொன்னால் மொத்தக் கூட்டமும் மிரளும். அடையில் இருப்பதும் எழுந்து ஓடும்.

சந்தைக்குள் சுற்றிவிட்டு அதே செருப்போடு, அதே கூடையோடு இன்னொருவர் கோழிக்கொட்டிலுக்குள் நுழைகிறவர்களைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வெள்ளைக்கழிச்சல் நோய் செருப்பில் வரும், கூடையில் வரும், கையிலும் வரும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் அது புகுந்தால் சில நாளில் கொட்டிலே காலி. நீங்கள் வீடு திரும்பி மறந்திருப்பீர்கள். அங்கே ஒரு குடும்பம் குழி தோண்டிக்கொண்டிருக்கும். நேராக வீட்டிலிருந்து போங்கள். செருப்பை வெளியே விட்டு, கையைக் கழுவிக்கொண்டு, அவர் கூப்பிட்டால் உள்ளே போங்கள். வாங்கி வந்ததையும் உடனே மற்றவற்றோடு விடாதீர்கள். மூன்று நாலு வாரம் தனியே வைத்துப் பாருங்கள். பத்தாம் நாள் ஒன்று செத்துப்போனால், அவரைத் திட்டும் முன் நம் வீட்டில் என்ன நடந்தது என்று யோசிக்க வேண்டும்.

எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்பார். உண்மையைச் சொல்லுங்கள். கறிக்கு என்றால், இனத்துக்கு ஆகாது என்று ஒதுக்கியதை அவரே நியாய விலைக்குத் தருவார். வளர்க்க என்று சொல்லி நல்ல விதைச்சேவலை வாங்கிப் போய் குழம்பு வைத்தால் ஒரு வம்சமே நின்றுபோகும். சண்டைக்கு என்றால் போகவே வேண்டாம். 1960-ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் சேவலுக்கும் சேர்த்துத்தான். "இந்தப் பெட்டையைத் தர மாட்டேன்" என்று அவர் சொன்னால் அத்தோடு விட்டுவிடுங்கள். பணத்தை ஏற்றிக்கொண்டே போவது அவருடைய சிரமத்தைச் சோதிக்கிற காரியம்.

மரியாதை என்பதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லவில்லை. மத்தியப் பிரதேசத்து ஜாபுவாவின் கடக்நாத் கோழிக்கறிக்கு 2018-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பெயருக்கு மவுசு கூடக் கூட, கறுப்பு இறகு உள்ளதையெல்லாம் கடக்நாத் என்று தள்ளிவிடுகிறவர்களும் உண்டு. இறகைப் பார்த்து ஏமாற வேண்டாம். கொண்டை, நாக்கு, கால், தோல் எல்லாம் கருமை ஓடியிருக்க வேண்டும். முட்டை மட்டும் கறுப்பாக இருக்காது. கறுப்பு முட்டை என்று யாராவது காட்டினால் வண்டியைத் திருப்பிக்கொள்ளுங்கள். "வாயைத் திறந்து பார்க்கலாமாண்ணே?" என்று கேட்டால் நல்ல வளர்ப்பாளர் கோபிக்க மாட்டார். ஒரு கையால் சேவலை இடுப்போடு அணைத்து, மறுகைப் பெருவிரலால் அலகை மெல்ல விலக்கி அவரே காட்டுவார். அந்தப் பிடியைக் கவனித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குக் கொண்டுவரும்போதும் அப்படித்தான் தூக்க வேண்டும். காலைக் கட்டி வண்டியில் தலைகீழாகத் தொங்கவிடக் கூடாது.

கடைசியாக ஒன்று கேட்டுக்கொள்கிறேன். குஞ்சுக்குச் சொல்லி வைத்துவிட்டு மனசு மாறினால், வேண்டாம் என்று ஒரு போன் போட்டுச் சொல்லிவிடுங்கள். உங்களுக்காக ஒதுக்கி வைத்ததற்கு அவர் தினமும் தீனி போட்டுக்கொண்டிருப்பார்.