லாப்டாப்புக்கும் நாடி பார்க்கலாம்!

சாத்தாங்காடு என்ற பெயரைக் கேட்டதும், மரமும் செடியும் அடர்ந்த வனம் போலும் என்று எண்ணிவிடாதீர்கள். இங்கே காடாக வளர்ந்திருப்பது இரும்பு! திருவொற்றியூரையும் மணலியையும் அடுத்து, சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமம் அமைத்த இரும்பு, எஃகுச் சந்தை இருக்கும் இடம் இது. கம்பியும் தகடும் சுமந்த டிரெய்லர் லாரிகள் போவதும் வருவதுமாக இருக்கும். காலையில் துடைத்த ஜன்னலில் மாலையில் விரலால் கோலம் போடலாம், அவ்வளவு தூசி!

இந்தத் தூசி ராஜ்யத்திலேதான் லாப்டாப்பும் குடித்தனம் நடத்துகிறது. 2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்க ஆரம்பித்த பிறகு, அது பணக்கார வீட்டுச் சாமான் என்ற எண்ணமே போய்விட்டது. பிள்ளையின் படிப்பும் பெண்ணின் சம்பாத்தியமும் அதற்குள்ளே இருக்கின்றன. அதன் முகம் இருண்டால் வீடே இருண்டது மாதிரிதான்.

எங்கள் எதிர்வீட்டுப் பெண் ஒரு இரும்புக் கடைக்கு வீட்டிலிருந்தபடியே கணக்கு எழுதுகிறாள். புருஷன் லாரியோடு வெளியூர் போனால் திரும்பப் பத்து நாள் ஆகும். அவள் வருமானத்தில்தான் குழந்தைகளின் பள்ளிக்கூடச் சம்பளம். சென்ற வருஷம் ஒரு மாதம் 18-ஆம் தேதி, அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்தாள்.

"அக்கா, லாப்டாப்பில் ஒன்றுமே தெரியவில்லை. கடையில் காட்டினேன். மதர்போர்டே போய்விட்டதாம், 14,000 ரூபாய் ஆகுமாம். 20-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி. கணக்கு அனுப்பியாக வேண்டும். செயினை அடகு வைக்கப் போகிறேன்" என்றாள்.

"செயின் கழுத்திலேயே இருக்கட்டும். முதலில் லாப்டாப்பைக் கொண்டு வா" என்றேன்.

நான் இஞ்சினீயர் அல்ல, நேயர்களே! கணிப்பொறி ரிப்பேர் செய்யும் என் தம்பி, தீபாவளிக்கு வந்தபோது சமையலறை வாசலில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்த பாடம் இது. உங்களுக்கும் சொல்லிவிடுகிறேன்.

கல்யாணப் பந்தியை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே சமையற்காரர், பரிமாறுகிறவர் ஒருவர், முன்னால் இலை, மேலே விளக்கு. லாப்டாப்பிலும் அப்படியே. படத்தைச் சமைப்பது மதர்போர்டில் இருக்கும் கிராபிக்ஸ் சிப். அதைக் கொண்டுவந்து பரிமாறுவது, மூடியின் கீல் வழியாக மேலே ஏறும் மெல்லிய கேபிள். இலை, திரை. அந்தத் திரைக்குப் பின்னால் ஒளி தருவது எல்.இ.டி. விளக்கு வரிசை. பந்தியிலே விளக்கு அணைந்தால் சமையற்காரரையா மாற்றுவார்கள்? ஆனால் திரை இருண்டதும் பல பேர் "போர்டு போச்சு" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள்!

முதலில் உயிர் இருக்கிறதா என்று பாருங்கள். ஸ்விட்சைப் போட்டதும் விசிறி ஓடுகிறதா? கேப்ஸ் லாக் சாவியை அழுத்தினால் அதன் விளக்கு எரிந்து அணைகிறதா? அப்படியானால் உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். விசிறி ஓடியும் சாவி விளக்கு மசியாமல், பீப் பீப் என்று சத்தம் வந்தால், 'ராம்' என்கிற நினைவகத் தகடு சற்றே நழுவியிருக்கலாம்.

இரண்டாவது, வீட்டு டெலிவிஷன். எச்.டி.எம்.ஐ. கேபிளால் லாப்டாப்பை அதோடு இணையுங்கள். விண்டோஸ் சாவியோடு 'பி' எழுத்தை அழுத்தினால், படம் எங்கே தெரிய வேண்டும் என்று கேட்கும். டெலிவிஷனில் படம் பளிச்சென்று வந்தால், சமையற்காரர் பெரும்பாலும் சௌக்கியம். அங்கேயும் கோடும் கட்டமும் தெரிந்தால், சிப்பின் மேல் சந்தேகம் வலுக்கிறது.

மூன்றாவது, டார்ச் விளக்கு. அறையை இருட்டாக்கி, ஓடிக்கொண்டிருக்கும் லாப்டாப்பின் திரைமேல் சாய்வாக வெளிச்சம் அடியுங்கள். மங்கலாகப் படம் தெரிந்தால், படம் வந்து சேர்ந்துவிட்டது. விளக்குக்குத்தான் மின்சாரம் வரவில்லை.

நான்காவது, மூடியை மெதுவாக முன்னும் பின்னும் சாய்த்துப் பாருங்கள். ஒரு கோணத்தில் படம் வந்து இன்னொரு கோணத்தில் மறைந்தால், குற்றவாளி கீலருகே மடங்கி மடங்கித் தேய்ந்த கேபிள்தான்.

திரையில் கோடு விழுகிறதா? ஸ்கிரீன்ஷாட் எடுத்துக் கைப்பேசியில் திறந்து பாருங்கள். அதில் கோடு இல்லையென்றால் கோளாறு திரையிலோ கேபிளிலோ, இருந்தால் உள்ளே. டெல் லாப்டாப் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சௌகரியம்: பல மாடல்களில் 'டி' சாவியை அழுத்திக்கொண்டே ஸ்விட்சைப் போட்டால், திரை வெள்ளை, கறுப்பு, சிவப்பு, பச்சை, நீலம் என்று வர்ணம் வர்ணமாக மாறித் தன்னைத் தானே பரீட்சித்துக் கொள்ளும்.

ஒரு வேடிக்கையும் உண்டு. மூடி மூடியிருக்கிறதா என்று லாப்டாப் தெரிந்துகொள்வது பெரும்பாலும் ஒரு சிறு காந்தத்தால். காந்தப் பூட்டு வைத்த கைப்பையையோ வளையலையோ சாவிப் பலகையின் ஓரத்தில் வைத்தால், மூடிவிட்டதாக நினைத்துத் திரை அணைந்துவிடும்! கடைக்கு ஓடுமுன் மேஜையை ஒரு தடவை பாருங்கள்.

எதிர்வீட்டுக் கதை என்ன ஆயிற்று என்றுதானே கேட்கிறீர்கள்? டெலிவிஷனில் படம் ஜோராக வந்தது. டார்ச் அடித்தால் லாப்டாப் திரையில் நிழலாகக் கணக்குப் புத்தகம் தெரிந்தது. மூடியைப் பாதி சாய்த்தால் விளக்கு மின்னி மின்னி எரிந்தது. அவள் அன்றிரவே எங்கள் டெலிவிஷன் முன்னால் உட்கார்ந்து வேலையை முடித்துக் கணக்கை அனுப்பிவிட்டாள். மறுவாரம் வேறொரு கடையில் கேபிளை மட்டும் மாற்றினார்கள். 900 ரூபாய்! செயின் அடகுக் கடைக்குப் போகவே இல்லை.

சிப்பே கெட்டுப்போவதும் உண்டு, மறுப்பதற்கில்லை. 2008 ஜூலையில், கிராபிக்ஸ் சிப் செய்யும் அமெரிக்க நிறுவனமான என்விடியா, தன்னுடைய சில லாப்டாப் சிப்புகளில் பலவீனமான பொருள் சேர்ந்துவிட்டதை வெளியிட்டு, அந்தச் செலவுக்காக 15 முதல் 20 கோடி டாலர் வரை ஒதுக்குவதாக அறிவித்தது. சூடேறிக் குளிர்ந்து, மறுபடி சூடேறி, சிப்பின் அடியிலுள்ள கடுகளவும் இல்லாத ஈயப் பற்றுகள் விரிசல் விட்டன. இந்த மாதிரி சிப்பைச் சூடாக்கி உயிர்ப்பிக்கிற வைத்தியம் ஒன்று உண்டு. அது சில வாரமோ சில மாதமோதான் தாங்கும். ஆகவே, "புதுச் சிப் போடுகிறீர்களா, பழையதைச் சூடாக்குகிறீர்களா?" என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள்.

சூடுதான் சத்துரு என்றால், தூசி அதன் தூதுவன். விசிறியின் வாயைத் தூசி அடைத்தால் வெப்பம் வெளியே போகாது. எங்களைப் போல இரும்புத் தூளுக்கும் கடற்காற்றுக்கும் நடுவே வசிப்பவர்கள், வருஷத்துக்கு ஒரு முறையாவது உள்ளே சுத்தம் செய்து தரச் சொல்ல வேண்டும். மெத்தை, தலையணைமேல் வைத்து ஓட்டுவதும் கூடாது. அடியில் காற்று வரும் வழி அடைபடும்.

திருகாணிகளைக் கழற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விட்டுவிடுங்கள். ஆனால் அவரிடம் கொடுக்குமுன், டெலிவிஷனில் இணைத்து உங்கள் கணக்கையும் படங்களையும் வேறிடத்தில் நகல் எடுத்து வையுங்கள். கடையில், "டெலிவிஷனில் படம் வருகிறது, டார்ச்சில் நிழல் தெரிகிறது" என்று சொல்லுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கையோடு கேட்டு வாங்குங்கள். நல்ல ரிப்பேர்காரர் சந்தோஷமாகவே தருவார்.