நாவும் மானியும்

மொட்டை மாடியில் கீரை வளர்ப்பதற்கு மானி எதற்கு என்ற கேள்வி எங்கள் வீட்டில் ஏறக்குறைய மூன்று மாதங்கள் உலவியது. கேட்டவர்கள் பக்கம் நியாயம் இல்லாமலில்லை. பாலாற்றங்கரையில் தலைமுறைகளாகப் பயிர் செய்தவர்கள் எவரும் கருவியை நுழைத்துப் பார்த்துவிட்டு விதைத்தவர்கள் அல்லர். ஆனால் நாங்கள் தொடங்கியதோ மண்ணில்லா வளர்ப்பு. ஹைட்ரோபோனிக்ஸ் என்று வழங்கும் அம்முறையில், குழாய்களில் ஓடும் சத்துக் கரைசலில்தான் வேர்கள் நிற்கின்றன. மண் பொறுமை உடையது. உரம் சற்றே கூடினாலும் களியும் மட்கும் அதைப் பற்றிக்கொண்டு மெல்ல மெல்ல விடுவிக்கும். நீருக்கு அந்தப் பொறுமை கிடையாது. நாம் கலக்கிய தவறு அடுத்த நாளே இலையில் தெரியும்.

ஆகவே மானி வேண்டும் என்பது முடிவாயிற்று. எது என்பதுதான் மிச்சம். இதே நிலையில் இருக்கும் நண்பர்களுக்குப் பயன்படக்கூடும் என்பதால், நாங்கள் தேர்ந்த வழியை இங்கே எழுதி வைக்கிறோம்.

வேண்டியவை இரண்டு கருவிகள். ஒன்று நீரின் கார அமில நிலையைச் சொல்வது. பிஎச் மீட்டர் என்று கடைகளில் கேட்டால் கிடைக்கும். மற்றது நீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவை, அந்நீர் மின்சாரத்தைக் கடத்தும் திறனைக் கொண்டு சொல்வது. செடிக்கு இடும் சத்துகளும் உப்புகளே ஆதலால், இதையே சத்துமானி என்று விற்கிறார்கள்.

பிஎச் என்ற அளவுகோலைக் கோபன்ஹேகனின் கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் பணிபுரிந்த சோரன்சன் 1909இல் வகுத்தார். பீர் வடிக்கும் ஆலையைச் சார்ந்த ஆய்வகம் அது. அதை அளக்கும் மின்னணுக் கருவியை ஆர்னால்டு பெக்மன் 1934இல் கலிஃபோர்னியாவில் செய்தது, எலுமிச்சைச் சாற்றின் புளிப்பை அளக்கத் திண்டாடிய நண்பர் ஒருவருக்காக. ஆக, நாவின் வேலையைக் கருவியிடம் ஒப்படைக்கும் முயற்சியாகவே இது பிறந்தது எனலாம். 7 என்பது நடுநிலை. ஒவ்வோர் எண் இறங்கும்போதும் அமிலம் பத்து மடங்காகும். மண்ணில்லா வளர்ப்பில் 5.5க்கும் 6.5க்கும் இடையில் கரைசல் நின்றால் பெரும்பாலான செடிகளுக்கு நலம். 7ஐத் தாண்டினால் கரைசலில் இரும்புச்சத்து இருந்தும் வேருக்கு எட்டாமல் போகும். நரம்பு பச்சையாக இருக்க இளந்தளிர் வெளுக்கும்.

நிற்க. இரண்டில் முதலில் எதை வாங்குவது? சத்துமானியை என்பது எங்கள் துணிபு. அதற்குக் காரணமானது ஒரு மாலை நேரத்து நிகழ்ச்சி.

பழையசீவரம் நீருக்குப் பேர்போன ஊர். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம் இது. அக்கரையில் திருமுக்கூடல், இக்கரையில் குன்றின்மேல் நரசிம்மர். பாலாற்று மணலடி நீர் சென்னையின் தென்புறத்துப் புறநகர்களுக்கும் போகிறது. இருந்தும், ஆற்றைவிட்டுச் சற்று விலகினால் தெருவுக்குத் தெரு ஆழ்துளைக் கிணற்று நீரின் குணம் மாறும். எங்கள் அத்தைக்கு எண்பத்தொரு வயது. புதிதாகக் கிணறு போட்டவர்கள் ஒரு செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு அவரிடம் வருவது நெடுநாள் வழக்கம். வாயில் விட்டுச் சற்று வைத்திருந்து துப்பிவிட்டு, "சப்பை", "சவர்", "பருப்பு வேகாது", "நல்ல தண்ணி" என்று ஒற்றை வார்த்தையில் தீர்ப்புச் சொல்வார்.

அன்று ஆர்.ஓ. இயந்திரத்தைப் பழுது பார்க்க வந்த இளைஞர், சட்டைப்பையிலிருந்த பேனா போன்ற கருவியை எங்கள் கிணற்று நீரில் தோய்த்து, "பாட்டி, 780 காட்டுது" என்றார். அத்தை நிதானமாகக் கேட்டார்: "எவ்வளவுன்னு சொல்லுது, சரி. எந்த உப்புன்னு சொல்லுமா தம்பி?"

சொல்லாது. அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் நாங்கள் கருவிகளைப் பார்க்கத் தொடங்கினோம்.

முதலில் அந்த 780 என்பதே என்ன என்று பார்ப்போம். கருவி உண்மையில் அளப்பது மின்கடத்துதிறனை, அலகு மில்லிசீமென்ஸ். அதை ஓர் எண்ணால் பெருக்கி, பிபிஎம் என்று திரையில் காட்டுகிறது. சிக்கல் இங்கேதான். சில கருவிகள் 500ஆல் பெருக்குகின்றன, சில 700ஆல். 780 என்பது முதல் கணக்கில் 1.56 மில்லிசீமென்ஸ், இரண்டாம் கணக்கில் 1.11. கீரை வகைகளுக்குச் சத்துக் கரைசல் ஏறத்தாழ 1.2 முதல் 1.8 வரை போதும் என்பார்கள். முதல் கணக்கே மெய்யானால், சத்து எதுவும் கலக்காத வெறும் கிணற்று நீரே அந்த எல்லைக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது, சத்துக்கு இடமேது? ஆகவே எங்கள் முதல் விதி: மில்லிசீமென்ஸிலோ மைக்ரோசீமென்ஸிலோ காட்டாத கருவியை வாங்குவதில்லை. பிபிஎம் மட்டும் காட்டுவதாயின், எந்த எண்ணால் பெருக்குகிறது என்று அட்டையில் அச்சிட்டிருக்க வேண்டும்.

இரண்டாம் விதி வெயிலைப் பற்றியது. நீரின் வெப்பம் ஒரு பாகை ஏறினால் மின்கடத்துதிறன் ஏறக்குறைய 2 விழுக்காடு ஏறும். அளவுகளெல்லாம் 25 பாகைக்குச் சொல்லப்படுபவை. சித்திரை வெயிலில் மாடித் தொட்டியின் நீர் 35 பாகையைத் தொடும்போது, வெப்பத்தைக் கணக்கில் கொள்ளாத கருவி ஐந்தில் ஒரு பங்கு கூட்டிச் சொல்லும். தானாக வெப்பத்தை ஈடுசெய்யும் வசதி நம் ஊருக்கு ஆடம்பரமன்று.

மூன்றாம் விதியே தலையாயது: பொய் சொன்னால் கண்டுபிடிக்க வழியுள்ள கருவியையே வாங்க வேண்டும். இங்கிருந்து தெற்கே உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன. 919, 921ஆம் ஆண்டுகளின் குடவோலை விதிகளை எல்லோரும் அறிவர். ஏரிக்கும் தோட்டத்துக்கும் வாரியம் வைத்த அந்தச் சபை, பொன்னுக்கும் வாரியம் வைத்தது. பொன்னின் மாற்றுக் காண்போரைத் தேர்ந்தெடுப்பதற்கும் முறை வகுத்தது. உரைகல் தனியாக எதையும் சொல்லிவிடாது. மாற்றுத் தெரிந்த பொன்னின் கோட்டுக்குப் பக்கத்தில் புதுப் பொன்னின் கோட்டை இழுத்து ஒப்பிட வேண்டும். ஒப்பிடுபவரை ஊர் நம்ப வேண்டும்.

மானிக்கு அந்த மாற்றறிந்த பொன், தாங்கல் கரைசல். பிஎச் மானிக்கு 4.00, 6.86, 9.18 என்று மூன்று பொட்டலங்கள் விற்கின்றன. நம் தேவை 5.5க்கும் 6.5க்கும் இடையில் என்பதால் முதலிரண்டு போதும். பொட்டலத்தைக் கரைக்க இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றும் வாலைவடிநீரே தகுந்தது. சத்துமானிக்கு 1413 மைக்ரோசீமென்ஸ் என்று எழுதிய புட்டி ஒன்று. அதில் இருப்பது பொட்டாசியம் குளோரைடு மட்டுமே. லிட்டருக்கு முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவாக, 0.746 கிராம். இக்கரைசல்களில் தோய்த்து, எண் தவறினால் திருத்திக்கொள்ளும் திருகோ பொத்தானோ கருவியில் இருக்க வேண்டும். மண்ணில் குத்திப் பார்க்கும், மின்கலமே வேண்டாத, ஈருலோக முள் கொண்ட மலிவுக் கருவிகளில் அந்த வழி பெரும்பாலும் கிடையாது. அவை ஈரத்துக்கு ஆடும் முள்ளையே கார அமிலம் என்று காட்டிவிடும். அவற்றை விலக்கினோம்.

இந்த விதியின்படி பார்த்தால் விலைப்பட்டியல் தலைகீழாகிறது. சில நூறு ரூபாய்க் கருவியும் கரைசல்களும் சேர்ந்தால், கரைசல் இல்லாத பத்தாயிரம் ரூபாய்க் கருவியைவிட நம்பத்தக்கவை. சத்துமானியின் உலோக முனைகளைத் துடைத்து வைத்தால் பல ஆண்டுகள் உழைக்கும். பிஎச் மானியின் கண்ணாடிக் குமிழோ நுகர்பொருள். ஓரிரு ஆண்டுகளில் தேய்ந்துவிடும். உலரவிட்டால் அதற்கும் முன்பே கெடும். வாலைவடிநீரில் ஊறவைப்பதும் கேடு. பொட்டாசியம் குளோரைடு சேமிப்புக் கரைசலில் நனைந்திருக்க வேண்டும். குமிழை மட்டும் மாற்றிக்கொள்ளக்கூடிய கருவி கிடைத்தால், சற்றுக் கூடுதல் விலையும் தகும். தொட்டி மண்ணில் மட்டும் வளர்ப்பவர்கள் இதையும் வாங்காமல் அரசு மண் ஆய்வகத்தை நாடலாம். 2015இல் தொடங்கிய மண்வள அட்டையில் கார அமில நிலை, மின்கடத்துதிறன் உட்படப் பன்னிரண்டு அளவுகள் உண்டு.

கருவிகள் வந்தபின் தெரிந்தது: எங்கள் கிணற்று நீர் 1.56 என்பதே மெய். ஆகவே அதைத் தனியாகப் பயன்படுத்துவதை விட்டுவிட்டு, மாடியில் பிடித்த மழைநீரோடு ஒன்றுக்கு மூன்றாகக் கலக்கிறோம். வேறு உரமும் வாங்காமல், வேறு விதையும் தேடாமல் தண்டுக்கீரை தேறியது. மானி முதலில் செய்த உதவி, சத்து எவ்வளவு இட வேண்டும் என்று சொன்னதைவிட, பாத்திரம் ஏற்கெனவே நிறைந்திருக்கிறது என்று சொன்னதுதான்.

அத்தையின் கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. 1.5 என்ற எண்ணைச் சோற்றுப்பும் தரும், பொட்டாசியம் நைட்ரேட்டும் தரும். ஒன்றில் செடி வாடும், மற்றதில் வளரும். நீர் காரத்தை எவ்வளவு பிடிவாதமாகத் தாங்கிக்கொள்ளும் என்பதையும் பிஎச் மானி சொல்லாது. இன்று 6க்கு இறக்கிய கரைசல் நாளை 7.5க்கு ஏறி நிற்கும். கடின நீருள்ளவர்களுக்கு இது பழகிய காட்சி. பாலாற்றின் மேற்புறத்தில், வாணியம்பாடி, ஆம்பூர்ப் பகுதித் தோல் பதனிடும் ஆலைகளின் கழிவைப் பற்றி 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது நினைவிருக்கும். அத்தகைய கழிவில் வரும் குரோமியத்தை இந்தப் பேனாக்கள் பெயர் சொல்லிக் காட்டா. அதற்கு ஆய்வகமே கதி.

நாவும் எல்லாவற்றையும் அறியாது. நஞ்சு பல நேரம் சுவையற்றது. ஆயினும் எண் சொல்லாத குணத்தை அது ஓரளவு சொல்லி வந்தது. அந்த நாவும் இப்போது தளர்கிறது. சென்ற ஆண்டிலிருந்து குழம்பில் உப்பில்லை என்று அத்தை இருமுறை உப்பிடுகிறார். வயதானால் அப்படித்தான் என்றார் மருத்துவர்.

எனவே ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறோம். இடப்பக்கம் மானி சொல்லும் எண். வலப்பக்கம் அத்தை சொல்லும் சொல். மழைநீர்: 0.05, "சப்பை." எங்கள் கிணறு: 1.56, "சவர், சோப்பு நுரைக்காது." மேலத்தெருவில் ஒரு கிணறு: 1.50, "உப்பு, ஆனா பருப்பு வேகும்." எண்கள் அருகருகே நிற்க, சொற்கள் விலகி நிற்கும் இடங்களை வட்டமிட்டிருக்கிறோம், ஆய்வகத்துக்கு முதலில் அனுப்ப வேண்டிய புட்டிகள் அவைதாம்.

இந்த வாரம் மூன்று வீடுகளிலிருந்து தண்ணீர் வந்திருக்கிறது. காலையில் பல் துலக்கியபின், காப்பிக்கு முன்னால்தான் அத்தை சுவைப்பார். அதற்குள் மானியைக் கரைசலில் தோய்த்துச் சரிபார்த்து வைக்க வேண்டும்.