வெள்ளை அரளி

எருமப்பட்டி
ஜூன் 15, 2022, புதன்

நேற்று டிவியில், பட்டாளத்துக்கு ஆளெடுக்கும் அக்னிபத் திட்டத்தைப் பற்றிய செய்தி ஓடியபோது அண்ணன் மகன் சாப்பாட்டுத் தட்டோடு எழுந்து நின்றுவிட்டான். பதினேழரை வயதிலிருந்து 21 வரை எடுப்பார்களாம். நான்கே வருடம். அதற்குப் பிறகு நூற்றுக்கு 25 பேரை வைத்துக்கொண்டு, மற்றவர்கள் கையில் 11.71 லட்சத்தைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். முதல் வருடச் சம்பளம் மாதம் 30,000. அதில் பிடித்தது போகக் கைக்கு 21,000. கொரோனா வந்ததிலிருந்து ஆளெடுப்பு ஒழுங்காக நடக்கவில்லை. இவனோ விடியுமுன் எழுந்து மைதானத்தில் ஓடுவதை ஒருநாளும் விடவில்லை.

அண்ணன் 17 வருடம் பட்டாளத்தில் இருந்தவர். இப்போது நாமக்கல்லில் ஏடிஎம் காவலுக்குப் போகிறார். டிவி சத்தத்தைக் குறைக்கச் சொன்னார், அவ்வளவுதான்.

இன்று காலை அண்ணி வந்தார். "தம்பி, வெள்ளிக்கிழமை கருப்பனார் கோயில்ல பூப் போட்டுக் கேக்கலாம்னு இருக்கறேன். உங்க பாப்பா எடுத்துத் தரட்டுங்களா?"

பாப்பாவுக்கு ஆறு வயது. எனக்குக் கை சில்லிட்டுப் போனது.

ஜூன் 16, வியாழன்

1986-இல் எனக்கும் ஆறு வயது. அந்த வருடம் கிணறு வற்றிக் கிடந்தது, கடலைக்காடு காய்ந்துவிட்டது, அப்பா வாங்கிய கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. அண்ணனுக்குப் பதினெட்டு. பட்டாளத்துக்கு ஆளெடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்து சொன்னார். அம்மா ஒரு வார்த்தை பேசாமல் கோயிலுக்குக் கிளம்பினாள்.

வாழையிலைத் துண்டு இரண்டு. ஒன்றில் வெள்ளை அரளி, ஒன்றில் சிவப்பு அரளி. வெள்ளை வந்தால் அனுப்புவது, சிவப்பு வந்தால் வேண்டாம். இரண்டையும் ஒரே மாதிரி மடித்து வாழைநாரால் கட்டினாள். நார் ஈரமாக இருந்ததால் ஒரு முடிச்சு மட்டும் சரியாக இறுகாமல் வால் போலத் தொங்கியது. பூசாரி இரண்டையும் சாமி காலடியில் போட்டுவிட்டு, "எடு கண்ணு" என்றார். தொங்கிக்கொண்டிருந்த நாரைப் பிடித்துத்தான் எடுத்தேன். ஆறு வயதுப் பையனுக்கு வேறு என்ன காரணம் வேண்டும்? பிரித்தால் வெள்ளை. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்தாள். சாமி உத்தரவு கொடுத்துவிட்டது என்று எல்லோரும் சொன்னார்கள். அண்ணன் என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுச் சிரித்தார்.

தகரப் பெட்டியோடு வெலிங்டனுக்குப் போனார். மதராஸ் ரெஜிமெண்ட். பயிற்சி முடிந்து, 1988-இல் இந்திய அமைதிப்படையோடு இலங்கைக்கு அனுப்பினார்கள். ஒருமுறை மூன்று மாதம் கடிதமே இல்லை. தபால்காரர் வீட்டைத் தாண்டிப் போகும்போதெல்லாம் அம்மா என் பக்கம் திரும்பமாட்டாள். அவள் என்னைக் குறை சொன்னதே கிடையாது. ஆனாலும் அண்ணன் செத்தால் அது என் கையால்தான் என்று நானே நினைத்துக்கொண்டேன். ராத்திரியில் வலது கையைத் தலையணைக்கு அடியில் வைத்துத்தான் தூங்குவேன். அந்தப் படையில் ஏறக்குறைய 1,200 பேர் திரும்பி வரவில்லை. அண்ணன் 1990 மார்ச்சில், கடைசிக் கப்பல்கள் புறப்பட்ட சமயத்தில் வந்து சேர்ந்தார்.

அங்கே பார்த்ததில் ஒன்றைத்தான் அவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். 1989-இல் இந்தியப்படை கிளம்பப்போகிறது என்று ஆனதும், வடகிழக்கில் தமிழ் தேசிய இராணுவம் என்ற பெயரில் ஒரு படை கட்டினார்கள். அதற்கு ஆள் போதவில்லை என்று பையன்களை வழியில் மறித்தும் வீடு புகுந்தும் பிடித்துக்கொண்டு போனார்கள். ஒரு அம்மா, மகனுடைய பள்ளிக்கூடச் சான்றிதழை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணன் நின்ற சோதனைச் சாவடிக்கு வந்தாராம். "நீங்களும் தமிழ்ப் பிள்ளைதானே, என்ர மகனைக் கண்டனீங்களோ?" என்று கேட்டாராம். என்ன பதில் சொன்னீர்கள் என்று நானும் கேட்டேன். அண்ணன் எழுந்து போய்விட்டார்.

ஜூன் 17, வெள்ளி

அமெரிக்காவில் 1969 டிசம்பர் 1-ஆம் தேதி வியட்நாம் போருக்கு ஆள் எடுக்கச் சீட்டுக் குலுக்கியதைப் படித்திருக்கிறேன். 366 நீல நிறப் பிளாஸ்டிக் குப்பிகள், ஒவ்வொன்றிலும் ஒரு பிறந்தநாள், எல்லாம் ஒரு கண்ணாடி ஜாடிக்குள். டிவியில் ஊரே பார்த்தது. முதலில் வந்தது செப்டம்பர் 14. சரியாகக் கலக்காததால் வருடக் கடைசியில் பிறந்தவர்கள் அதிகம் மாட்டிக்கொண்டார்கள் என்று பிறகு கணக்குப் போட்டுச் சொன்னார்கள். என் முடிச்சு தொங்கியதும் அந்த மாதிரிதான். முதல் குப்பியை எடுத்தவர் ஒரு நாடாளுமன்ற உறுப்பினர். மீதியை எடுத்தது இளவட்டங்கள். அவர்களை நினைத்தால்தான் எனக்கு என்னவோ செய்கிறது. அவர்களும் கையை எங்கேயாவது ஒளித்துவைத்துக்கொண்டு தூங்கினார்களோ!

தாய்லாந்தில் ஒவ்வொரு ஏப்ரலிலும் 21 வயதுப் பையன் தானே பெட்டிக்குள் கைவிட்டுச் சீட்டு எடுக்கிறான். கறுப்பு வந்தால் வீட்டுக்குப் போகலாம், சிவப்பு வந்தால் பட்டாளம். நம் கோயிலில் சிவப்பு வந்தால்தான் பிள்ளை வீட்டில் இருப்பான். சிங்கப்பூரில் 1967-இலிருந்து கட்டாய சேவை. குடிமக்கள் வீட்டுப் பையன்கள் எல்லோரும் போகிறார்கள்.

நம் நாட்டில் கட்டாயமாகப் பட்டாளத்துக்குப் போகவேண்டும் என்று சட்டம் இல்லை. இரண்டாம் உலகப் போரில் சேர்ந்த 25 லட்சம் பேரும் தாமாகவே வந்தவர்கள் என்றுதான் எழுதியிருக்கிறது. அந்தத் 'தாமாக' என்ற சொல்லை என்னால் அப்படியே ஏற்க முடியவில்லை. எங்கள் வீட்டில் பூ கேட்பதற்கு முன்பே கிணறு வற்றியிருந்தது.

நேற்று ராத்திரி அண்ணியிடம் சொல்லிவிட்டேன். "பாப்பா வேண்டாங்க அண்ணி." காரணம் சொல்ல வாய் வரவில்லை. அண்ணன் திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: "கேக்கறதா இருந்தா அவனே எடுக்கட்டும்."

"அவனே எடுத்தா அது சாமி வாக்கு ஆகுங்களா?" என்றார் அண்ணி.

யாரும் பதில் சொல்லவில்லை. இன்று அண்ணி கோயிலுக்குப் போய் விளக்கு மட்டும் போட்டுவிட்டு வந்தார். பறித்து வைத்த அரளி கிண்ணத்திலேயே வாடிக் கிடக்கிறது.

ஜூன் 18, சனி

விடிகாலையில் அண்ணன் மகனோடு மைதானத்துக்குப் போனேன். கொல்லிமலை மேல் மேகம் படுத்திருந்தது. 1,600 மீட்டரை 5 நிமிடம் 45 வினாடிக்குள் ஓடினால்தான் உள்ளே. ஐந்தரைக்குள் வந்தால் முழு மதிப்பெண். செல்போனில் நேரம் பார்க்கச் சொன்னான். கடைசிச் சுற்றில் வாயைத் திறந்துகொண்டு வந்தவன், கோட்டைத் தாண்டியதும் புளியமரத்தடியில் குனிந்து வாந்தி எடுத்தான். முதுகைத் தடவிக்கொடுத்தேன்.

"எவ்வளவு சித்தப்பா?"

5 நிமிடம் 48 வினாடி. ஒரு நொடி பொய் சொல்லத் தோன்றியது. சொல்லவில்லை.

"நாளைக்கும் வர்றீங்களா?"

"வர்றேன்."