எடுத்த எல்லாப் படமும் வேண்டும்

"ராத்தா, அல்பம் வடிவா இருக்கு. ஆனா நீங்க எடுத்த எல்லாப் படத்தையும் ஒன்றும் செய்யாம அப்படியே தாங்க. ரோ பைல் எண்டு சொல்றாங்களே, அதுதான்."

கலியாண வீடுகளில் பெண்கள் பகுதிக்குப் படம் எடுப்பது என் தொழில். யாழ்ப்பாணம் சோனகத் தெருவிலும் எடுக்கிறேன், அழைத்தால் மன்னார், புத்தளம் வரைக்கும் போகிறேன். இப்படி ஒரு தொலைபேசி அழைப்பு வராத மாதம் குறைவு.

விஷயம் தெரியாத சகோதரிகளுக்காகச் சொல்கிறேன். அந்தக் காலத்துப் பிலிம் கமராவுக்கு நெகட்டிவ் எப்படியோ, டிஜிட்டல் கமராவுக்கு ரோ பைல் அப்படி. கமராவின் கண் கண்டதை நிறம் கூட்டாமல், வெளிச்சம் திருத்தாமல் அப்படியே பதிந்து வைத்திருக்கும். பார்க்க மங்கலாகத்தான் தெரியும், பல கைத்தொலைபேசிகளில் திறக்கவும் திறக்காது. 24 மெகாபிக்சல் கமராவில் ஒரு படமே ஏறத்தாழ 25 மெகாபைட் வரும். ஒரு கலியாணத்தில் 1,500 படம் எடுத்தால் 40 ஜிகாபைட்டுக்குப் பக்கத்தில் போய் நிற்கும். அதைக் கொடுப்பது, விருந்துக்கு வந்தவருக்கு ஊறப்போட்ட அரிசியையும் அரியாத வெங்காயத்தையும் கொடுப்பது மாதிரி என்று சொல்லித்தான் நான் மறுத்து வந்தேன். கேட்டவர்களும் சிரித்துவிட்டு விட்டுவிடுவார்கள்.

உண்மையான காரணம் வேறு. பெண்கள் மட்டும் இருக்கிற இடம் என்ற நம்பிக்கையில் அபாயாவைக் கழற்றி வைத்தவர்கள், முக்காடு நழுவியது தெரியாமல் சிரித்துக்கொண்டிருப்பவர்கள், மூலையில் இருந்து பிள்ளைக்குப் பால் கொடுப்பவர்கள் எல்லாரும் அந்த 1,500 படங்களுக்குள் எங்கோ ஓரத்தில் விழுந்திருப்பார்கள். அல்பத்துக்குத் தெரிவு செய்யும்போது அவற்றை ஒதுக்கிவிடுவேன். ரோவில் அவ்வளவும் இருக்கும். கமராவைத் தூக்கியவள் ஒரு பெண் என்பதால்தானே அவர்கள் முகத்தைத் திருப்பவில்லை? அது என் கையில் இருக்கிற அமானிதம்.

ஒரு தடவை மாப்பிள்ளையின் தம்பி பேசினார். எல்லாவற்றையும் பென்டிரைவில் போட்டுத் தரட்டாம், காசு கொடுத்தது தாங்கள்தானாம். மணப்பெண்ணிடம் கேட்டேன், அவளுக்கு இந்தச் சங்கதியே தெரியாது. கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். மீதிக் காசு இன்றுவரை வரவில்லை.

காசு கொடுத்தவருக்கா, எடுத்தவருக்கா படம் சொந்தம் என்பது எல்லா ஊரிலும் உள்ள வழக்குத்தான். இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம், வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், காசு கொடுத்து எடுப்பித்தவரையே முதல் உரிமையாளர் என்கிறது. நம் நாட்டின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்திலும் புகைப்படம் பாதுகாக்கப்பட்ட ஆக்கங்களில் ஒன்று. வழக்கு எப்போதும் அந்த இருவருக்கு இடையில்தான். ஓரத்தில் பிள்ளையோடு இருந்த மூன்றாமவளிடம் யாரும் கேட்பதில்லை.

இவ்வளவு உறுதியாக இருந்த என்னை ஒரு கேள்வி அசைத்துவிட்டது. நான் படம் எடுத்த ஒரு மணப்பெண்ணின் உம்மும்மா, கலியாணம் முடிந்து சில மாதங்களில் மௌத்தாகிவிட்டார். "அவ சிரிக்கிற மாதிரி ஒரு படம் இருக்குமா ராத்தா?" என்று அந்தப் பிள்ளை கேட்டாள். இருந்தது. கையில் வட்டிலப்பக் கிண்ணத்தோடு வாய்விட்டுச் சிரிக்கிற படம். கை அசைந்ததில் சற்றுக் கலங்கியிருந்ததால் கூடாத படம் என்று ஒதுக்கியிருந்தேன். பிறகு இடம் போதாமல் ஹார்ட் டிஸ்க்கைத் துடைத்தபோது அதுவும் போய்விட்டது. நடந்ததைச் சொன்னேன். சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவாயில்ல ராத்தா" என்றாள்.

அந்தப் "பரவாயில்லை"யை நான் முன்பும் கேட்டிருக்கிறேன், என் உம்மாவின் வாயில். 1990 ஒக்டோபர் 30ஆம் தேதி, இரண்டு மணி நேரத்துக்குள் ஊரை விட்டுப் போகும்படி புலிகள் இயக்கம் யாழ்ப்பாண முஸ்லிம்களுக்குக் கட்டளையிட்டபோது எனக்கு ஒன்பது வயது. வடக்கு முழுவதிலும் இருந்து ஏறத்தாழ 75,000 முஸ்லிம்கள் அப்படி வெளியேற்றப்பட்டார்கள். உம்மா வாப்பாவின் கலியாண அல்பம் வீட்டு அலுமாரியிலேயே கிடந்துவிட்டது. புத்தளத்து ஓலைக் கொட்டிலில் இருந்துகொண்டு, "நெகட்டிவ் ஸ்டூடியோவில இருக்குத்தானே, திரும்பிப் போனா எடுக்கலாம்" என்று உம்மா எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அந்தக் காலத்தில் படத்தை மட்டும்தான் தருவார்கள், நெகட்டிவ் அவர்களிடமே இருக்கும்.

2002இல் ஏ9 பாதை திறந்ததும் உம்மாவோடு போனோம். ஸ்டூடியோக்காரர் உம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். "எங்களுக்கும் ஒண்டும் மிஞ்சேல்லைத் தங்கச்சி" என்றார். 1995இல், அதே ஒக்டோபர் 30ஆம் தேதி, வலிகாமத்துத் தமிழ்ச் சனங்களும் இரவோடிரவாக இடம்பெயர வைக்கப்பட்டார்கள். அவர் திரும்பி வந்து பார்த்தபோது கடையில் பெட்டிகள் இல்லை. "பரவாயில்லை நானா" என்று உம்மா அவருக்குச் சொன்னார். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் ஒன்றும் பேசவில்லை.

அந்த மணப்பெண்ணுக்குப் பிறகு என் வழக்கத்தை மாற்றிக்கொண்டேன். அல்பம் முடிவதற்கு முன்பு மணப்பெண்ணையும் அவளுடைய உம்மாவையும் என் கணினிக்கு முன்னால் இருத்துகிறேன். வேறு யாரும் கூட வரக்கூடாது. எல்லாப் படத்தையும் பார்க்கிறோம். மற்றப் பெண்களின் மறைவு கலைந்த படங்களை அவர்கள் கண்முன்னாலேயே அழிக்கிறேன். மிஞ்சியதைக் கலங்கியது, கண் மூடியது என்று பாராமல் ரோவாகவே மணப்பெண்ணின் கையில் கொடுக்கிறேன். இரண்டு டிஸ்க், இரண்டும் ஒரே வீட்டில் இருக்கக்கூடாது, ஒன்று வேறு ஊரில் உள்ள சொந்தக்காரரிடம் போகட்டும் என்று சொல்லிக் கொடுக்கிறேன். என்னிடம் உள்ளதை ஒரு வருடம் வைத்திருந்து, அறிவித்த பிறகே துடைக்கிறேன். இரண்டு மாலைப்பொழுது போய்விடும். இதற்குத் தனிக் கூலி வாங்குவதில்லை, வாங்க வேண்டும் என்று என் மாப்பிள்ளை சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார்.

உம்மாவின் கலியாணத்தில் எடுத்த ஒரேயொரு படம், கொழும்பில் இருந்த மாமியிடம் தப்பியிருந்தது. அவர் மௌத்தான பிறகு அது எங்களிடம் வந்தது. வாப்பாவின் தோளுக்குக் குறுக்கே வெள்ளையாக ஒரு மடிப்புக் கோடு. பத்து நிமிட வேலை, இல்லாமல் ஆக்கிவிடலாம் என்றேன்.

"அத விடு மகள். அது மாமி பேர்ஸுக்குள்ள மடிச்சு வெச்ச மடிப்பு."

கோட்டோடேயே ஸ்கேன் செய்து, ஒன்றை இங்கேயும் ஒன்றைப் புத்தளத்திலும் வைத்திருக்கிறேன்.