யார் பெயரில் சிம்?

என் எண்ணை டிஎன்டி-யில் பதிந்து பல வருஷமாகிறது. ஆனாலும் தினமும் யாராவது எனக்குக் கடன் கொடுக்கத் துடிக்கிறார்கள். நானும் விடுவதில்லை. எண், தேதி, என்ன பேசினார்கள் எல்லாம் எழுதி 1909-க்கு அனுப்பிவிடுவேன். சில நாளில் நடவடிக்கை எடுத்தாயிற்று என்று பதில் வரும். யார்மீது என்று அதில் இருக்காது.

அந்த 'யார்' எப்படியிருப்பார் என்று எனக்குத் தெரியவந்தது சித்தி மகள் வேலைக்குப் போன பிறகுதான். அம்பத்தூரில் ஒரு பேக்கரியின் மேல்மாடி. பன்னிரண்டு பெண்கள், ஆளுக்கொரு எக்செல் பட்டியல், ஒரு நாளைக்கு இருநூறு அழைப்பு. சேர்ந்த அன்றே முதலாளி சொன்னாராம்: "உன் ஆதார்ல ஒரு சிம் எடுத்துக்கோம்மா. ரீசார்ஜ் ஆபீஸ் பாத்துக்கும்."

சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. அழைக்கக் கூடாத எண்களின் பட்டியல் 2007-லேயே வந்துவிட்டது. 2018 விதிமுறை பிளாக்செயினையே கொண்டுவந்தது. விளம்பர அழைப்பு 140-ல் தொடங்கும் எண்ணிலிருந்துதான் வர வேண்டும், அதுவும் டிஎன்டி-யோடு ஒத்துப்பார்த்த பிறகு. ஆனால் திரையில் 140 என்று தெரிந்தால் யார் எடுக்கிறோம்? அதனால்தான் மாடிக்கு வேலை வருகிறது. சாதாரணப் பத்து இலக்க எண் என்றால் கூரியர்காரராக இருக்குமோ என்று எடுத்துவிடுவோம், இல்லையா?

2025 பிப்ரவரியில் ட்ராய் பிடியை இறுக்கியது. பதிவு செய்யாத எண்மீது பத்து நாளில் ஐந்து புகார் வந்தாலே நடவடிக்கை. முதல் முறை, அழைத்தவரின் எல்லா இணைப்புகளிலும் 15 நாள் வெளியழைப்பு கிடையாது. மறுபடி மாட்டினால் ஓராண்டு துண்டிப்பு. கடுமையான விதிதான். ஆனால் 'அழைத்தவர்' என்றால் நடைமுறையில் சிம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்.

கடன் வங்கியுடையது. வங்கி முகவரிடம் கொடுக்கிறது, முகவர் துணை முகவரிடம், அவர் மாடியிடம். ஒவ்வொரு படியிலும் கமிஷன் உண்டு. புகாரில் வருகிற பெயர் கடைசிப் படியில் இருப்பவளுடையது. ட்ராயின் கை நேராக எட்டுவது தொலைத்தொடர்பு நிறுவனங்களைத்தான். சிம் விற்பதும் அவைதான், புகாரை விசாரிப்பதும் அவைதான். கணக்கைத் தவறாகக் காட்டினால் 2 லட்சத்தில் தொடங்கி 10 லட்சம் வரை அபராதம் உண்டு. அவ்வளவு பெரிய நிறுவனங்களுக்கு அது டீ செலவு.

போன வருஷம் தீபாவளிக்கு முன் அவள் மாட்டினாள். ஆபீஸ் எண்ணோடு சொந்த எண்ணும் போயிற்று. பதினைந்து நாளும் பையனுடைய ஸ்கூல் வேன் டிரைவரைக் கூப்பிடக்கூட மாமனாரிடம் போன் கேட்க வேண்டியிருந்தது. அத்தனை நாள் சம்பளமும் இல்லை. முதலாளிக்கு ஒரு நோட்டீஸ்கூட வரவில்லை. "வீட்ல வேற யார் பேர்லயாச்சும் எடுத்துட்டு வாம்மா" என்றாராம்.

நான் புகார் அனுப்புகிறவன் என்று அவளுக்குத் தெரியும். "அனுப்புண்ணா, எனக்கே டெய்லி பத்து கால் வருது" என்று சிரித்தாள். மாமியார் பெயரில் வாங்கிய புது சிம்மை அப்போதுதான் போனில் செருகிக்கொண்டிருந்தாள்.